குதிரையைப் பார்த்துச் செட்டு வாங்கு!



முன்னுரை

சதுரங்கம் நம் நாட்டில் பிறந்த விளையாட்டு. தேர், யானை, குதிரை, காலாள் என்ற நான்கு படைகளை வைத்து அந்தப் பெயர் வந்தது. 2022-இல் மாமல்லபுரத்தில் 44-ஆவது செஸ் ஒலிம்பியாட் நடந்தது. வேட்டி சட்டை போட்ட 'தம்பி' என்ற குதிரைதான் அதன் சின்னம். அதை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். 2024 டிசம்பரில் சென்னையைச் சேர்ந்த குகேஷ் 18 வயதில் உலக சாம்பியன் ஆனார். ஆட்டத்தைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். நான் காய்களைப் பற்றி எழுதப் போகிறேன். அதிலும் கையால் செய்த மரக்காய்களைப் பற்றி.

இப்போ எதுக்கு இது என்று கேட்பீர்கள். நம் பள்ளியில் படித்த ஒரு பழைய மாணவர் செஸ் செட்டு வாங்கப் பணம் தருவதாகச் சொல்லியிருக்கிறார். "எது வேணும்னு நீங்களே பார்த்துச் சொல்லுங்க" என்றும் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து எங்கள் வகுப்பில் இரண்டு கட்சி. 'அதே காசுக்கு பிளாஸ்டிக் செட்டு நிறைய வரும்' என்று ஒரு கட்சி. 'ஒண்ணே ஒண்ணு வாங்கினாலும் மரத்தில் வாங்கணும்' என்று ஒரு கட்சி. தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். ஆனால் இங்கே மாட்டையே நம்மைத்தானே பிடித்து வரச் சொல்லியிருக்கிறார்! அதனால் பல்லைப் பார்த்துத்தான் ஆகணும்.

மரக்காய்க்கு ஏன் அவ்வளவு மவுசு?

நம் விளையாட்டு அறையில் இருக்கும் பிளாஸ்டிக் காய்களை எடுத்துப் பாருங்கள். உள்ளே வெறும் கூடு. மின்விசிறி வேகமாகச் சுற்றினால் சிப்பாய் உருண்டு ஓடுகிறது. ஓரம் உடைந்தால் ஒட்டினாலும் நிற்காது.

நல்ல மரக்காய் அப்படி இல்லை. கையில் எடுத்தால் கனம் தெரியும். பலகையில் வைத்தால் 'டொக்' என்று அடங்கி உட்காரும். மரத்தின் ரேகை ஒவ்வொரு காயிலும் வேறு மாதிரி ஓடும். கை பட்டுப் பட்டு வருஷம் ஆக ஆக மெருகு கூடும். காது உடைந்தால் ஒட்டலாம், அடித்துணி கிழிந்தால் மாற்றலாம். இதனால்தான் தாத்தா ஆடிய செட்டில் பேரன் ஆட முடிகிறது.

ஆனால் மரம் என்றாலே நல்லது என்று நினைக்க வேண்டாம். மோசமான மரச் செட்டும் உண்டு. அதைக் கண்டுபிடிக்க, காய்களுக்கு இந்த வடிவம் எப்படி வந்தது என்று முதலில் தெரிய வேண்டும்.

ஒரே வடிவம் வந்த கதை

ஒரு காலத்தில் ஊருக்கு ஒரு மாதிரி காய் இருந்தது. இங்கிலாந்தில் ஒரு வடிவம், பிரான்சில் ஒரு வடிவம். சில செட்டுகளில் ராணிக்கும் மந்திரிக்கும் வித்தியாசமே சட்டென்று தெரியாது. சில காய்கள் ஒல்லியாக உயரமாக இருந்ததால் கை பட்டாலே சாய்ந்து விழும். வெளியூர்க்காரரோடு ஆடுகிறவர் முதலில் காய்களைப் பழகிக்கொள்ள வேண்டியிருந்தது.

1849 மார்ச் 1-ஆம் தேதி நத்தானியேல் குக் என்பவர் இங்கிலாந்தில் ஒரு புது வடிவத்தைப் பதிவு செய்தார். லண்டனில் ஜாக் நிறுவனம் அதைச் செய்து அதே ஆண்டு விற்பனைக்குக் கொண்டுவந்தது. அப்போது புகழ்பெற்ற ஆட்டக்காரராக இருந்த ஹோவர்ட் ஸ்டான்டன் அதை ஆதரித்துத் தன் பெயரைக் கொடுத்தார். அதனால் அதற்கு 'ஸ்டான்டன் வடிவம்' என்று பெயர். இன்று போட்டிகளில் நாம் பார்க்கும் காய்கள் எல்லாம் இந்த வம்சம்தான்.

இதில் என்ன விசேஷம்? ராஜாவுக்குத் தலையில் சிலுவை. ராணிக்கு வெட்டுவெட்டான கிரீடம். மந்திரிக்குத் தலையில் ஒரு சாய்ந்த கீறல். நாம் யானை என்று சொல்வதற்குக் கோட்டை உருவம். சிப்பாய்க்கு உருண்டைத் தலை. குதிரைக்குக் குதிரைத் தலை. எல்லாவற்றுக்கும் அகலமான அடி. எட்டி நின்று பார்த்தாலும் எது எது என்று தெரியும், தட்டினாலும் லேசில் விழாது. அலங்காரம் அளவோடு இருக்கிறது. 'விளையாடத் தகுந்த காய்' என்றால் இதுதான்.

தந்தத்தில் இருந்து மரத்துக்கு

இப்போது நம் நாட்டுக்கு வருவோம். உலகம் முழுவதும் விற்கும் நல்ல கைவேலை மரச் செட்டுகளில் நிறைய, பஞ்சாப் மாநிலம் அமிர்தசரஸில் செய்யப்படுகின்றன. அங்கே இந்தத் தொழில் முதலில் மரத்தில் நடக்கவில்லை, யானைத் தந்தத்தில் நடந்தது. தந்தத்தில் சாமான் செய்த குடும்பங்களே பிறகு மரத்துக்கு மாறின.

ஏன் மாறினார்கள்? 1972-இல் நம் நாட்டில் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1986-இல் அதைத் திருத்தி இந்திய யானைத் தந்த வியாபாரத்தைத் தடை செய்தார்கள். 1989-இல் உலக நாடுகள் கூடிப் பேசி, நாடு விட்டு நாடு தந்தம் விற்பதை நிறுத்த முடிவு செய்தன. 1991-இல் வெளிநாட்டுத் தந்தத்துக்கும் நம் சட்டம் தடை போட்டது.

யோசித்துப் பாருங்கள். பலகையில் ஒரு 'யானை' செய்வதற்காகக் காட்டில் ஒரு யானை செத்திருக்கிறது! அந்தத் தடை வந்தது எவ்வளவு நல்லது. அதே சமயம், தந்தம் செதுக்கிப் பிழைத்தவர்கள் கைத்தொழிலை விட்டுவிடவில்லை. உளியைக் கீழே வைக்காமல் மரத்தை எடுத்தார்கள். எனக்கு இந்தக் கதையில் ரொம்பப் பிடித்தது இதுதான். பொருள் மாறினாலும் கைப்பழக்கம் வீணாகவில்லை.

எப்படிச் செய்கிறார்கள்?

எங்க அப்பா தச்சு வேலை பார்க்கிறார். மரத்தைப் பற்றிய சந்தேகங்களை அவரிடம் கேட்டுத்தான் எழுதினேன்.

1. மரத்தை அறுத்து நன்றாக உலர்த்திப் பதப்படுத்துவார்கள். இதில் அவசரப்பட்டால் பிறகு காய் வெடிக்கும். "வெட்டினதும் மரம் செத்துப்போச்சுன்னு நினைக்காதம்மா. மழைக்கு உப்பும், வெயிலுக்குச் சுருங்கும்" என்று அப்பா சொன்னார்.

2. சின்னச் சின்னக் கட்டைகளாக வெட்டுவார்கள்.

3. கட்டையைக் கடைசல் மெஷினில் மாட்டிச் சுழலவிட்டு, உளியை வைத்துக் கடைவார்கள். திருநெல்வேலிப் பக்கம் அம்பாசமுத்திரத்தில் மரச் செப்புச் சாமான் கடைகிறார்களே, அதே முறைதான்.

4. கோட்டைக்கு மேலே பள்ளம், மந்திரிக்குக் கீறல், ராணிக்குக் கிரீடப் பல் ஆகியவற்றைப் பிறகு தனியாக வெட்டுவார்கள்.

5. அடியில் துளை போட்டு ஈயத் துண்டோ இரும்புத் துண்டோ வைத்து மூடுவார்கள்.

6. உப்புத்தாள் போட்டு வழவழப்பாக்கி, பாலிஷ் ஏற்றி, அடியில் மெத்தென்ற துணி ஒட்டுவார்கள்.

இப்போது ஒரு கணக்கு. ஒரு செட்டில் 32 காய். ராஜா 2, ராணி 2, மந்திரி 4, யானை 4, சிப்பாய் 16. ஆக 28. இந்த 28-உம் உருண்டை வடிவம், கடைசலில் வந்துவிடும். மீதி 4 குதிரை. குதிரை முகம் உருண்டை இல்லை, கடைசலில் வராது. அடிப்பாகத்தை மட்டும் கடைந்துவிட்டு, தலையைத் தனிக் கட்டையில் உளியால் செதுக்கிப் பொருத்த வேண்டும். கண், மூக்கு, காது, பிடரி மயிர் எல்லாம் கைவேலை. நல்ல செட்டில் பல்கூடத் தெரியும்.

ஒரு செட்டில் எட்டில் ஒரு பங்குதான் குதிரை. ஆனால் வேலை அதிகம் பிடிப்பது அதற்குத்தான். நன்றாகக் குதிரை செதுக்கத் தெரிந்தவர்கள் கொஞ்சம் பேரே. செட்டின் விலையும் பெரும்பாலும் குதிரையால்தான் ஏறுகிறது. அதனால்தான் தலைப்பிலேயே 'குதிரையைப் பார்' என்றேன்.

என்னென்ன மரம்?

வெள்ளைக் காய்க்குப் பாக்ஸ்வுட் என்ற மரம். வெளிர் மஞ்சளாக இருக்கும். இழை ரொம்ப நெருக்கம், அதனால் நுணுக்கமாகச் செதுக்கினாலும் பிசிறு வராது.

கறுப்புக் காய்க்குப் பல மரம் உண்டு:

சீசம் – பழுப்பு நிறம், அழகான ரேகை. ஈட்டி மரத்துக்குச் சொந்தக்காரன். வடநாட்டில் வயலோரமும் கால்வாய் ஓரமும் நட்டு வளர்க்கிறார்கள். மற்றவற்றைவிட விலை குறைவு.

கருங்காலி – நல்ல கறுப்பு, நல்ல கனம். விலை அதிகம். காற்று ரொம்ப வறண்டால் விரிசல் விடும் குணம் உண்டு.

சிவப்பு மரங்கள் – 'ரெட் சாண்டல்' என்று சொல்லி விற்பார்கள். சிவப்பாக இருப்பதெல்லாம் செம்மரம் இல்லை. படாக் என்ற மரமும் சிவப்புதான், வெளிச்சம் பட்டு நாளாக நாளாகப் பழுப்பாகும். உண்மையான செம்மரம் ஆந்திராவின் சேஷாசலம் மலைக்காடுகளில் வளர்வது, சட்டப் பாதுகாப்பு உள்ளது.

சாயம் போட்ட மரம் – வெள்ளை மரத்துக்கே கறுப்புச் சாயம் ஏற்றுவது. 'சாயம் போட்டது' என்று சொல்லி விற்றால் அதில் தப்பே இல்லை, விலையும் குறையும். கருங்காலி என்று சொல்லி விற்றால்தான் ஏமாற்று. இப்போ கழுத்தில் போடும் கருங்காலி மாலையிலும் இந்தக் கதை நடக்குதே!

இன்னொரு விஷயம். 2017 ஜனவரி முதல் ஈட்டி இன மரங்கள் எல்லாவற்றுக்கும் உலக வியாபாரத்தில் கட்டுப்பாடு வந்தது. அதில் சீசமும் சேர்ந்தது. வெளிநாட்டுக்கு அனுப்புகிறவர்கள் சான்றிதழ் காட்ட வேண்டி வந்தது. காட்டில் திருட்டுத்தனமாக வெட்டப்படும் ஈட்டியைக் காப்பாற்ற வந்த விதி, வயலோரச் சீசத்தில் காய் கடைகிறவரையும் தொட்டது. காடும் பிழைக்கணும், கைத்தொழிலும் பிழைக்கணும். அதனால் வாங்குகிற நாம் 'இது என்ன மரம்? எங்கிருந்து வந்தது?' என்று கேட்பது நல்ல பழக்கம்.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை

1. குதிரை: நான்கையும் வரிசையாக நிறுத்துங்கள். அச்சில் வார்த்தது போல் நான்கும் ஒன்றாக இருந்தால் மெஷின் வேலையாக இருக்கலாம். உயரம் ஒன்றாக, முகம் மட்டும் அண்ணன் தம்பி மாதிரி லேசாக மாறியிருந்தால் அது கைவேலை. காதுக்கு நடுவிலும் தாடைக்கு அடியிலும் பாருங்கள். அங்கே பிசிறு இல்லாமல் சுத்தமாக இருந்தால் நல்ல கை. மர ரேகை கழுத்தில் மேலிருந்து கீழாக ஓட வேண்டும். குறுக்கே ஓடினால் கீழே விழும்போது கழுத்து உடையும்.

2. ராஜாவின் உயரம்: உலக சதுரங்கக் கூட்டமைப்பு (ஃபிடே) பரிந்துரைக்கும் அளவு இதோ:
ராஜா 9.5 செ.மீ.
ராணி 8.5 செ.மீ.
மந்திரி 7 செ.மீ.
குதிரை 6 செ.மீ.
யானை 5.5 செ.மீ.
சிப்பாய் 5 செ.மீ.
10 சதவீதம் வரை கூடலாம், குறையலாம். ஆனால் இந்த உயர வரிசை மாறக் கூடாது. கடையில் அங்குலத்தில் சொன்னால் ராஜா 3.75 அங்குலம் என்று கேளுங்கள்.

3. அடி அகலம்: காயின் உயரத்தில் 40 முதல் 50 சதவீதம். ராஜாவுக்குக் கணக்குப் போட்டால் 3.8 முதல் 4.75 செ.மீ. வரை.

4. கனம்: காயை விரலால் லேசாகச் சாய்த்து விடுங்கள். திரும்பி நிமிர வேண்டும். தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மை ஏன் விழுவதில்லை? கனம் எல்லாம் அடியில் இருப்பதால். அதே அறிவியல்தான் இங்கேயும். காதருகே வைத்து ஆட்டிப் பாருங்கள். உள்ளே 'கடகட' என்றால் எடை சரியாக ஒட்டவில்லை.

5. விரிசல்: அடிப்பக்க ஓரத்தையும் ராஜாவின் சிலுவை சேரும் இடத்தையும் வெளிச்சத்தில் பாருங்கள். முடி அளவு விரிசல்கூட வேண்டாம்.

6. பளபளப்பு: கண்ணாடி மாதிரி மின்னினால் அழகு என்று மயங்காதீர்கள். மணிக்கணக்கில் ஆடும்போது கண் கூசும். மங்கலான மெருகே நல்லது.

7. பலகை: கட்டம் 5 முதல் 6 செ.மீ. இருக்க வேண்டும். 5.5 செ.மீ. என்றால் எட்டுக் கட்டத்துக்கு 44 செ.மீ. வரும், ஓரம் தனி. ஒரு கட்டத்துக்குள் நான்கு சிப்பாய் அடங்க வேண்டும். பலகை வளைந்திருக்கிறதா என்று பார்க்க ஸ்கேலை நிமிர்த்திக் குறுக்கே வையுங்கள். இடையில் வெளிச்சம் தெரிந்தால் வேண்டாம். பிளைவுட் மேல் மெல்லிய மரத்தகடு ஒட்டிய பலகையைப் போலி என்று தள்ள வேண்டாம். "ஒரே மரப் பலகையைவிட அது கம்மியாத்தான் வளையும்" என்று அப்பா சொல்கிறார்.

8. எண்ணிக்கை: 34 காய் உள்ள செட்டு கிடைத்தால் நல்லது. ஒரு பக்கத்துக்கு ஒரு ராணி கூடுதலாக வரும். சிப்பாய் கடைசிக் கட்டத்துக்குப் போய் ராணி ஆகும்போது அழிரப்பரை வைத்து ஆட வேண்டாம்!

உங்களுக்குத் தெரியுமா?

வங்காளத்தில் முர்ஷிதாபாத் அருகே பெர்ஹாம்பூரில், கம்பெனிக்காரன் படை ஒரு பக்கமும் இந்தியப் படை ஒரு பக்கமுமாகத் தந்தத்தில் செஸ் செட்டுகள் செதுக்கினார்கள். நிஜ யானை உருவமே அதில் காயாக நிற்கும். பார்க்க அற்புதம். ஆனால் அவை கண்ணாடிப் பெட்டியில் வைக்க ஏற்றவை, ஆட ஏற்றவை அல்ல. ரொம்ப அலங்காரம் செய்த மரச் செட்டுக்கும் இதே கதைதான்.

பாதுகாப்பது எப்படி?

வெயிலில் வைக்கக் கூடாது. தண்ணீர் போட்டுக் கழுவக் கூடாது, காய்ந்த துணியால் துடைத்தால் போதும். காய்களைப் பெட்டியில் கொட்டாமல் ஒவ்வொன்றாக வைக்க வேண்டும். காய் உடைவது பாதி ஆட்டத்திலே, பாதி இப்படிக் கொட்டுவதிலே.

சரி, நம் பள்ளிக்கு எது?

என் கருத்தைச் சொல்கிறேன். இரண்டு கட்சிக்கும் கோபம் வரலாம்.

ஆறாம் வகுப்புத் தம்பி தங்கைகள் ஆடக் கற்றுக்கொள்ள ஒரு செட்டு போதாது. ஒருவர் ஆட, இருபது பேர் நின்று பார்த்தால் யாருக்கும் ஆட்டம் வராது. அதனால் பழகுவதற்கு, அடியில் எடை வைத்த பிளாஸ்டிக் செட்டுகளும் சுருட்டி வைக்கும் விரிப்புகளும் பாதிப் பணத்தில் வாங்கலாம். அவையும் ஸ்டான்டன் வடிவத்தில், சரியான அளவில் இருக்க வேண்டும்.

மீதிப் பாதியில் கையால் செய்த மரச் செட்டு ஒன்று. கருங்காலி வேண்டாம், நமக்கு அவ்வளவு பணம் இல்லை. சீசமும் பாக்ஸ்வுட்டும் போதும். பள்ளிப் போட்டியின் கடைசி ஆட்டம் அதில்தான் நடக்க வேண்டும். அந்தச் செட்டில் ஆட யாருக்குத்தான் ஆசை வராது? அந்த ஆசைக்காகவே நிறையப் பேர் பிளாஸ்டிக்கில் உட்கார்ந்து பழகுவார்கள்.

'போட்டிக்கு ஒரு தடவை எடுக்கிற சாமானுக்கு அவ்வளவு காசா?' என்று என் தோழி கேட்டாள். நியாயமான கேள்வி. நான் சொன்ன பதில் இது: கைத்தொழிலைப் புகழ்ந்து கட்டுரை எழுதுகிறோம், பரிசு வாங்குகிறோம். ஆனால் வாங்குகிற நேரம் வந்தால் எது மலிவோ அதையே எடுக்கிறோம். எல்லோரும் அப்படியே செய்தால் குதிரை செதுக்குகிறவர் தன் பிள்ளைக்கு அந்த வேலையைக் கற்றுக்கொடுப்பாரா? எங்க அப்பாவும் கதவு, ஜன்னல் ரெடிமேடாக வந்த பிறகு வேலை குறைந்துவிட்டது என்று சொல்வார். அதனால் எனக்கு இது அமிர்தசரஸ் விஷயம் மட்டும் இல்லை. எல்லாவற்றையும் கைவேலையாக வாங்க நம்மால் முடியாது. ஒன்றையாவது பார்த்து, தெரிந்து, நியாயமான விலை கொடுத்து வாங்கலாம்.

முடிவுரை

விலை அதிகமானது எல்லாம் நல்ல செட்டு இல்லை. அடி கனம், அளவு சரி, பார்த்தவுடன் எந்தக் காய் என்று தெரிவது, விரிசல் இல்லாதது, சுத்தமாகச் செதுக்கிய குதிரை, இவை இருந்தால் அது நல்ல செட்டு. இதைப் பார்க்கக் கண் பழகினால் செஸ் காய் மட்டுமல்ல, நாற்காலி வாங்கினாலும் மண்பானை வாங்கினாலும் நம்மை யாரும் ஏமாற்ற முடியாது.

செய்து பாருங்கள்

விளையாட்டு அறையில் பி.டி. சாரிடம் கேட்டு நம் பழைய செட்டை வாங்குங்கள். ஸ்கேலால் அளந்து கீழே உள்ளவற்றுக்கு விடை எழுதுங்கள்:

(அ) ராஜாவின் உயரம் எவ்வளவு? அடி அகலம் அதில் எத்தனை சதவீதம்?
(ஆ) ஒரு கட்டத்தில் எத்தனை சிப்பாய் அடங்குகிறது?
(இ) சாய்த்துவிட்டால் எந்தக் காய் நிமிர்கிறது, எது விழுகிறது?
(ஈ) உங்கள் ஓட்டு மரத்துக்கா, பிளாஸ்டிக்குக்கா? ஏன்? (இரண்டு வரி)

விடைத்தாளைச் சுவர் இதழ்ப் பெட்டியில் போடுங்கள். எல்லாவற்றையும் சேர்த்துத் தலைமையாசிரியரிடம் கொடுக்கலாம். செட்டு வாங்கும் முடிவில் நம் கணக்கும் இருக்கட்டும்.



– ஒன்பதாம் வகுப்பு 'அ' பிரிவு மாணவி